அக்காவின் கடைசிப் பாட்டில் என் பங்கு

அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. நெஞ்சு கனத்தது. அதெல்லாம் உண்மை. ஆனால் கையிலிருந்த துண்டை மடித்து முடிப்பதற்குள், கனத்த நெஞ்சின் ஓர் ஓரத்திலிருந்து, "இனிமேல் சொல்லலாமோ?" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்தான். என் குரல் எனக்குத் தெரியும் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா எனக்கு உறவு இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்த வயலின்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். படங்களில் கதாநாயகிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அத்தனை பேருக்கும் அவர்தான் பாடினார். அவர் பாட்டைக் கேட்டுக் காதலித்தவர்கள், அவர் பாட்டைப் பாடிப் பிள்ளைகளைத் தூங்க வைத்து, அந்தப் பிள்ளைகள் காதலிப்பதையும் பார்த்துவிட்டார்கள்.

நான் அவருக்கு ட்ராக் பாடுகிறவள். மெட்டு தயாரானதும் பாட்டை முதலில் என்னைப் பாட வைத்துப் பதிவு செய்துகொள்வார்கள். அக்கா வந்து அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு தன் குரலில் பாடுவார். அவர் பாடி முடித்ததும் என் குரலை எடுத்துவிடுவார்கள். சுவருக்கு நல்ல பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைப் பூச்சு பூசுவார்களே, அதுதான் நான். அடியில் என்ன பூசியிருக்கிறது என்று யாரும் சுவரைச் சுரண்டிப் பார்ப்பதில்லை. கூடத்தில் என் பெயர் 'ட்ராக்கம்மா'.

அக்காவுக்கான ட்ராக் என்றால் அக்கா மாதிரியே பாட வேண்டும். எந்த எழுத்தை இழுப்பார், எதை விழுங்குவார், எங்கே சிரிப்பை லேசாகக் கலப்பார், எல்லாம் எனக்கு அத்துப்படி. பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்தாலும் அக்காதான் வருவார். ஒரு முறை என் கணவர், "அவங்க குரல் இருக்கட்டும், நீ உன் குரல்ல பாடு பார்ப்போம்" என்றார். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். அவரும் நம்பி வெந்நீர் வைத்துக் கொடுத்தார். பாவம், நல்ல மனிதர்.

அக்காவின் கடைசிப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் முடிவில் ஒரு வரி வரும். மெல்லப் படியேறி உச்சியில் போய் நின்று, அங்கிருந்து கீழே பார்க்கிற மாதிரி முடியும். அப்போது அக்காவுக்கு நுரையீரலில் கோளாறு. மற்ற வரிகளையெல்லாம் பாடிவிட்டார். இது மட்டும் வரவில்லை. ஏறினார், பாதியில் நின்றார், இருமினார். மறுபடி ஏறினார். பாடும் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒலிப்பதிவாளர் மட்டும், "இன்னிக்கு போதும்க்கா, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்றார். அவருக்குக் 'காது' என்று பெயர். பக்கத்து அறையில் யாராவது கடிகாரம் கட்டியிருந்தாலும் கழற்றச் சொல்லுவார். அக்கா எழுந்து, யாரையும் பார்க்காமல், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

அந்தப் பாட்டு வெளியானபோது நான் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தேன். வெளியறை ரேடியோவில் பாட்டு ஓடியது. அந்த வரி வந்தது. குழைந்து, ஏறி, உச்சியில் போய் நின்றது.

அது நான் பாடிய வரி. அக்காவால் முடியாமல் போனதால் என் குரலையே வைத்துவிட்டார்கள்! என் கண்களிலிருந்து தண்ணீர் கொட்டியது. வலிக்கிறது என்று நினைத்து டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். மரத்துப்போன வாயோடு வீட்டுக்கு ஓடி, கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டதால், நான் சொல்வது பாட்டைப் பற்றியா பல்லைப் பற்றியா என்று அவருக்குப் புரியவே வெகு நேரம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என் கையைக் குலுக்கியது அது ஒரு முறைதான்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அக்கா மானம் இருக்கு" என்றேன்.

"நான் ஏன் சொல்லப்போறேன்?" என்றார்.

மறுநாளே என் நாத்தனார் வந்து நின்றாள். "அண்ணி, அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டான். நான் மூச்சு விட மாட்டேன், சத்தியம்." அந்த வாரமே தையல்கடைக்காரம்மா எனக்கு அளவெடுக்கும்போது டேப்பைக் கழுத்தில் வைத்தபடி, "இந்தத் தொண்டையா அது!" என்று பெருமூச்சு விட்டாள். நான் கோபப்பட்டிருக்க வேண்டும். தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக் கொடுத்தேன்.

அந்தப் பாட்டுக்கு அக்காவுக்குப் பெரிய விருது கிடைத்தது. தொலைக்காட்சியில் அவர் பெயரை அறிவித்தபோது நான் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். கணவர் ஏதோ வேண்டுமாக்கும் என்று நினைத்து, "தண்ணியா?" என்றார்.

யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். காதிடம் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரகசியத்தைக் காப்பாற்றுகிற, புகழை விட்டுக்கொடுத்த, ஆரவாரமில்லாத ஒரு பெண்ணின் படத்தை மனதில் மாட்டி, தினமும் அதன் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டால் அந்தப் படம் விழுந்து உடையக்கூடும் என்று எங்கேயோ ஒரு பயம் இருந்திருக்க வேண்டும். அது இப்போது யோசிக்கும்போது தெரிகிறது.

ஆக, அக்கா போய்ச் சேர்ந்த அந்த வாரத்தில் இசையமைப்பாளர் போன் செய்தார். "நினைவு நிகழ்ச்சி வைக்கிறோம்மா. ஒவ்வொரு பாட்டையும் ஒவ்வொரு பெரிய பாடகர் பாடுறாங்க. அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் எல்லாரும் பயந்து வேண்டாம்னுட்டாங்க. நீங்க பாடுறீங்களா?"

ஒரு மேடை, ஒரு கூட்டம், அந்த வரி. நான் வாயைத் திறந்து சொல்லவே வேண்டாம். பாடினால் போதும். கேட்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். அரங்கம் முழுக்க ஒரு சலசலப்பு ஓடும். யாராவது எழுந்து வந்து கேட்பார்கள். நான் புன்னகைத்துக்கொண்டு, "அக்காதான் எல்லாம்" என்று சொல்ல வேண்டும். அந்தப் புன்னகையைக் குளியலறைக் கண்ணாடியில் பயிற்சி செய்தேன். பல் தெரிந்தால் அடக்கம் போய்விடுகிறது. பல் தெரியாவிட்டால் வயிற்று வலி மாதிரி இருக்கிறது. பாட்டைத்தான் பயிற்சி செய்யவில்லை. என் சொந்த வரிக்கு என்ன பயிற்சி?

நாத்தனார் தன் அடுக்குமாடிக் குடியிருப்பில் பாதிப் பேருக்கு முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டாள்.

ஒத்திகைக்குப் போனேன். மற்ற வரிகள் சுகமாக வந்தன. அந்த வரியும் வந்தது. பாடி முடித்துவிட்டு, எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். வயலின்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இசையமைப்பாளர் கன்னத்தைச் சொறிந்தார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா உச்சிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சறுக்கல் இருக்கே, அது எங்க? நீங்க விறுவிறுன்னு படியேறிப் போறீங்க. அது அப்படி இல்ல. கால் வழுக்கி, சட்டுனு ஒரு கையப் பிடிச்சிட்டு ஏறுற மாதிரி இருக்கும்."

மறுபடி பாடினேன். சறுக்கவில்லை. இன்னொரு தடவை வேண்டுமென்றே சறுக்கினேன். விழுந்துவிட்டேன்.

"அது இல்லையே" என்றார் அவர்.

"எது இல்ல? அதுதான் அது! அதைப் பாடினதே நான்தானே சார்!"

சொல்லிவிட்டேன். இவ்வளவு காலம் பொத்திப் பொத்தி வைத்ததை, கண்ணாடியில் பழகிய புன்னகையோடு அல்ல, சந்தையில் எடை குறைந்ததற்குச் சண்டை போடுகிறவள் மாதிரி கத்திச் சொல்லிவிட்டேன். வயலின்காரரின் கை அப்படியே நின்றது. இசையமைப்பாளர் திரும்பிக் காதைப் பார்த்தார். காது என்னைப் பார்த்தார்.

"ட்ராக்கம்மா, வாங்க, ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்" என்றார்.

டீக்கடைக்குப் போகவில்லை. தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னல் இல்லாத அந்த அறையில் சுவர் முழுக்கப் பழைய பஞ்சு மெத்தை மாதிரி ஏதோ ஒட்டியிருக்கும். பேசினால் சொல் வாயை விட்டு வெளியே வந்த உடனே செத்துப்போகும். அசிங்கப்படுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

"நீங்க அப்படியா நினைச்சிட்டிருந்தீங்க? ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றபடி பழைய பதிவுகளைத் தேடி எடுத்தார்.

முதலில் என் ட்ராக்கைப் போட்டார். அந்த வரி விறுவிறுவென்று படியேறிப் போனது. சுத்தம். ஒரு தூசு இல்லை. அப்புறம் அக்காவினுடையது. மெதுவாக ஏறியது, உச்சிக்கு முன்னால் கால் வழுக்கியது, சட்டென்று எதையோ பிடித்துக்கொண்டு மேலே போய் நின்றது.

இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டார். இதுவும் அதுவும் ஒன்று என்று ஒரு செவிடன்கூடச் சொல்ல மாட்டான். நான் சொல்லியிருக்கிறேன். ரேடியோவில், கடைவாசலில், பக்கத்து வீட்டு ஜன்னலில் கேட்டபோதெல்லாம், அந்தச் சறுக்கலையும் நானே செய்ததாக நினைத்துப் பூரித்திருக்கிறேன். வாழ்நாளெல்லாம் அக்கா மாதிரியே பாடிப் பாடி, அக்கா பாடுவதைக் கேட்டாலும் நான் பாடுவதுபோலவே இருக்கிற அளவுக்குக் காது கெட்டுப்போய்விட்டது.

"எப்போ பாடினாங்க?"

"ஒரு மத்தியானம் யார்கிட்டயும் சொல்லாம டாக்ஸி பிடிச்சு, சின்ன ஆக்சிஜன் சிலிண்டரோட வந்தாங்க. நிக்க முடியல. நாற்காலி போட்டுக் கொடுத்தேன். முதல்ல உங்க ட்ராக்கப் போடச் சொன்னாங்க."

"கேட்டுட்டு என்ன சொன்னாங்க?"

காது தயங்கினார். "விட்டுடுங்களேன்."

"சொல்லுங்க. இதுக்கு மேல என்ன இருக்கு?"

"'நல்லாதான் பாடியிருக்கா. நான் எங்கெங்க தப்பு பண்ணுவேனோ அங்கெல்லாம் கரெக்டா தப்பும் பண்ணியிருக்கா. ஆனா இது நல்லா இருந்த காலத்து நான். இப்போ இருக்கிற நான் பாட வேண்டாமா?' அப்படின்னாங்க. ஒவ்வொரு சொல்லாப் பாடினாங்க. ஒரு சொல்லு, அப்புறம் கொஞ்சம் ஆக்சிஜன், அப்புறம் அடுத்த சொல்லு. நான்தான் ஒட்ட வச்சேன். அந்தச் சறுக்கல் இருக்கே, அது அழகுக்காகப் போட்டதில்ல. அங்க அவங்களுக்குக் காத்து தீர்ந்துபோச்சு."

நான் மேசையில் கிடந்த ஒயர் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, அது எதோடும் சேர்ந்திருக்கவில்லை.

"அப்போ அந்தப் பாட்டுல என்னோடது ஒண்ணுமே இல்ல."

இதை நான் கேள்வியாகக் கேட்கவில்லை. காது அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பொத்தான்களைத் தட்டினார். "ஒண்ணு இருக்கு" என்று சொல்லி, ஒலியைக் கூட்டி, ஏதோ ஒரு துணுக்கைப் போட்டார்.

'ஹ்ஹ்' என்று ஒரு சத்தம். முடிந்துவிட்டது.

"இது என்ன?"

"நீங்க. அந்த வரிக்கு முன்னாடி மூச்சு இழுக்கிறீங்க. அக்கா மூச்சு இழுத்தா உள்ள விசில் அடிக்கிற மாதிரி சத்தம் வந்துச்சு. அவங்களே கேட்டுட்டு, 'இதக் கேட்டா ஜனங்க பயந்துடுவாங்கப்பா. அவ மூச்சை எடுத்து வை, அவ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா'ன்னாங்க. எடுத்து வச்சேன்."

"மறுபடி போடுங்க."

"மூச்சையா?"

"மூச்சைத்தான்."

போட்டார். நல்ல மூச்சுதான். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிய பொத்தானை மறுபடி போட்டார்.

"எத்தனை பேர்கிட்ட சொல்லி வச்சிருக்கீங்க?" என்றேன்.

"யார்கிட்டயும் இல்ல."

"நிஜமா?"

"ஆபீஸ்ல நாலு பேர். அப்புறம் லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவர்."

"அவருகிட்ட எதுக்கு?"

"ரெண்டு பேரும் உள்ள மாட்டிக்கிட்டோம். எவ்வளவு நேரம்தான் சும்மா நிக்கிறது?"

சிரிக்கலாமா என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர்தான் முதலில் சிரித்தார். நானும் ஆரம்பித்தேன். நடுவில் அது வேறு ஏதோ ஆகப் பார்த்தது. எழுந்து போய் முகம் கழுவினேன். கண்ணாடியில் பழகிய புன்னகை ஞாபகம் வந்தது. கண்ணாடியைப் பார்க்காமலே துடைத்துக்கொண்டு வந்தேன்.

"போய்ப் பாடத்தான் வேணுமா? முடியலன்னு சொல்லிடேன்" என்றார்.

அதை நானும் யோசித்தேன். காய்ச்சல், தொண்டை, பல், எத்தனையோ இருக்கின்றன. ஆனால் ஒரு மனுஷி நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பாடியிருக்கிறாள். நான் தொண்டை சரியில்லை என்று சொன்னால், அது எவ்வளவு கேவலம் என்று எனக்குச் சொல்லிக் காட்ட இந்த ஊரில் வேறு யாரும் தேவையில்லை.

நினைவு நிகழ்ச்சியில் அரங்கம் நிரம்பியிருந்தது. மேடையில் அக்காவின் படம், இரண்டு ஆள் உயரத்துக்கு. அக்காவைப் பற்றிப் பேச வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்களைப் பற்றிப் பேசினார்கள். தன்னுடைய முதல் படத்தை அக்கா எப்படிப் பாராட்டினார் என்று ஓர் இயக்குநர். தனக்கு அக்கா இருமல் மருந்து சொன்ன கதையை ஒரு பாடகர். தான் எழுதிய வரியைக் கேட்டு அக்கா அழுதார் என்று ஒரு பாடலாசிரியர், அந்த வரியை மூன்று முறை சொல்லி. வேறு ஒரு நாளாக இருந்தால் நான் மனதுக்குள் இவர்களைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். அன்றைக்கு ஒவ்வொருவரையும் என் சொந்தக்காரர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்வரிசையில் நாத்தனார் தன் பட்டாளத்தோடு உட்கார்ந்திருந்தாள். என் கணவர் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. "நீயே சொல்லிடு" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

என் முறை வந்தது. பாடினேன். அக்கா வந்தார், வழக்கம்போல. எல்லா வரிகளும் போயின. அந்த வரிக்கு முன்னால் மூச்சு இழுக்க வேண்டிய இடம் வந்தது.

யாராவது நம்மிடம் 'நாக்கு வாய்க்குள்ளே எங்கே இருக்கிறது?' என்று கேட்டுவிட்டால், அப்புறம் நாக்கை வைக்க இடம் தெரியாது. அப்படி ஆயிற்று. அக்கா பாட்டில் எனக்கென்று இருக்கிற ஒரே சொத்து இதுதான், இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று நினைத்தேன். நினைத்ததும் கெட்டது. அரங்கத்தின் கடைசி நாற்காலி வரை கேட்கிற மாதிரி, மூழ்கப்போகிறவள் மாதிரி மூச்சை இழுத்தேன். அது மைக்கில் இரைந்தது. அந்த இரைச்சலில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா மறுபடி மறுபடி ஏறப் பார்த்ததும், எழுந்து செருப்பைத் தேடியதும் ஞாபகம் வந்தது. அவர் இறந்த நாளிலிருந்து அந்த வரியைப் பற்றி நினைத்தேனே தவிர அவரைப் பற்றி நினைக்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. துண்டை மடிக்கும்போது வராத அழுகை, உச்சிக்கு ஒரு படி கீழே வந்து நின்றது.

குரல் வழுக்கியது. அது அக்காவின் சறுக்கல் இல்லை. கையைப் பிடித்துக்கொள்ள எனக்கு எதுவும் அகப்படவில்லை. உச்சிக்குப் போகாமலே பாட்டு முடிந்தது.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. துக்கத்தில் பாடமுடியாமல் நிறுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார்கள். அதில் எவ்வளவு துக்கம், எவ்வளவு மூச்சுத் தகராறு என்று எனக்கே தெரியாதபோது அவர்களுக்கு எப்படித் தெரியும்? மேடை ஓரத்தில் நின்ற காது மட்டும் தட்டவில்லை. என்னைப் பார்த்து, "பெரிய மூச்சு" என்று உதட்டை அசைத்தார்.

திரும்பி வரும்போது காரில் நாத்தனார் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அழுது மூக்கு சிவந்திருந்தது. அவளோடு அவள் மாடிவீட்டுக்காரம்மாவும் இருந்தார்.

"அண்ணி, இன்னிக்கு அழுதுட்டீங்க, சரி. இவங்க அந்த வரியைக் கேட்கணுமே" என்று போனில் அக்காவின் பாட்டைப் போட்டாள். மாடிவீட்டுக்காரம்மாவின் பக்கம் சாய்ந்து, "நல்லா கேளுங்க, நான் சொன்னேனே, அந்த இடம் இப்போ வரும்" என்று கிசுகிசுத்தாள். கணவர் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். சாலையை அவ்வளவு கவனமாக அவர் பார்த்து நான் பார்த்ததில்லை.

பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. நான் கையை உயர்த்தினேன்.

'ஹ்ஹ்.'

கையை இறக்கினேன். "அவ்வளவுதான். முடிஞ்சிடுச்சு."

"என்ன முடிஞ்சிடுச்சு?"

"என்னோடது."

அந்த வரி ஏறத் தொடங்கியிருந்தது. "பேசாத, இது அக்கா" என்றேன். வழுக்கி, பிடித்துக்கொண்டு, மேலே போய் நின்று கீழே பார்க்கும் வரை நான்கு பேரும் பேசவில்லை.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். பல் டாக்டரிலிருந்து சொன்னேன். நாத்தனார் வாயைப் பிளந்தபடி கேட்டாள்.

"மூச்சா? வெறும் மூச்சா அண்ணி? நான் எங்க பில்டிங் முழுக்க என்னன்னு போய்ச் சொல்றது?"

"அதையே சொல்லு. எப்பவும் போல ரகசியம்னு சொல்லிச் சொல்லு."

அவள் யோசித்துப் பார்த்தாள். பிறகு பாட்டைப் பின்னால் நகர்த்தி, போனை மாடிவீட்டுக்காரம்மாவின் காதில் வைத்தாள்.

"சரி, இப்போ கேளுங்க. பாட்டை விடுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு வரும் பாருங்க."